விளக்கை அணைத்துக் கூப்பிட்டவள்

அன்புள்ள உங்களுக்கு,

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் படுத்தேன். கண்ணை மூடினால் இன்றைக்குப் பள்ளியில் நடந்ததே திரும்பத் திரும்ப ஓடுகிறது. எழுந்து வந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு கால் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் விடுதியில் சிக்னல் வருகிற லட்சணம் தெரிந்ததுதானே. உங்கள் கை பாதி வழியில் அப்படியே உறைந்து நிற்கும். மீதிப் பாதியை நானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். போன மாதம் புது மெஷின் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதை, ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு தலையணை உறையெல்லாம் துவைத்துப் போட்டேன். இப்போது சொல்லப்போவது அப்படி அரைகுறையாகப் போய்ச் சேரக் கூடாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்தபடி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். நடுவில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்திகள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உங்கள் ஸ்பானரை எடுத்து நானே முடுக்கினேன். நம் வாண்டுக்குச் சீருடை தயார். கீழ்வீட்டுத் தையல் அக்கா இரண்டு நாளில் தைத்துக் கொடுத்துவிட்டார். அளவெடுக்கும்போது நம்மவள் ஒரு இடத்தில் நின்றால்தானே. இவள் ஆடுகிற ஆட்டத்துக்குள் ஒரு குரங்குக்கே கோட்டு தைத்துவிடலாம் என்றார் அக்கா. கூழாங்கல் போட்டுக்கொள்ளப் பை பெரிதாக வேண்டும் என்று வாண்டு கேட்டாளாம். பையும் பெரிதாகவே இருக்கிறது.

அக்கா உங்களையும் விசாரித்தார். உங்களிடம் பேசும்போது வாயை வாசல் மாதிரி திறந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கத்துவாரே, என்னிடம் உங்களைப் பற்றிக் கேட்கும்போதும் அதே சத்தம்தான். நீங்கள் இப்போது தூரத்தில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவரிடம் எவ்வளவு கத்தினாலும் ஒன்றுதான் என்று ஆறு வருடமாகச் சொல்கிறேன். ஒருநாள் கேட்டுவிட்டால் என்ன செய்வாய் என்கிறார்.

பள்ளியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். மழலையர் வகுப்பில் சேருகிற பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பதினோரு விஷயம். தானாகச் செருப்பு போட, தண்ணீர் பாட்டில் திறக்க, சாப்பாட்டு டப்பா மூட, மூக்கு சிந்த, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல, அம்மா இல்லாமல் இரண்டு மணி நேரம் இருக்க. நான் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, தினம் ஒன்றாகப் பழக்கினேன். டப்பாவை வயிற்றில் அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மல்யுத்தம் போட்டுத் திறப்பாள். திறந்ததும் டப்பாவைப் பார்த்து, பார்த்தாயா என்கிற மாதிரி ஒரு முறைப்பு.

பொத்தான்தான் கடைசி வரைக்கும் சண்டித்தனம் செய்தது. பத்து நாள் முயன்றாள். நான் போட்டுவிடட்டுமா என்று கை நீட்டினால் தட்டிவிடுவாள். பதினோராவது நாள் காலை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பொத்தானின் விளிம்பைத் துளைக்குள் பாதி தள்ளினாள். அப்புறம் துணிக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு கையால் அதை வாங்கிக்கொண்டாள். கொடுத்ததும் தன் கை, வாங்கியதும் தன் கை என்பதை அவளே அப்போதுதான் கண்டுபிடித்தாள் போலிருக்கிறது. இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாசலில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருடம் விலங்கியல் படித்தவள் நான். கருவில் கை மொட்டு விடுவதையும், விரல்கள் பிரிவதையும் படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கை ஒரு பொத்தானை மாட்டக் கற்றுக்கொள்வதைப் பார்த்தால் உடம்பு சிலிர்த்துப்போகும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது. நேராகச் சொல்லத் தைரியம் வராததால் இப்படி வந்தேன். இனி சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அறிமுக நாள் என்று பிள்ளைகளை ஒரு மணி நேரம் வகுப்பில் உட்காரவைத்தார்கள் அல்லவா? நன்றாக நடந்தது என்று உங்களுக்குச் சொன்னேன். நன்றாக நடக்கவில்லை.

பெற்றோரெல்லாம் தாழ்வாரத்தில், கண்ணாடி சன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே முப்பது பிள்ளைகள். சத்தம் எங்களுக்கு வராது. பார்க்க மட்டும்தான் முடியும். வகுப்பு டீச்சர் சின்னப் பெண்தான், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்க, அதை ஏற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். நம் வாண்டு எழுந்து அவர் பின்னால் போய் நின்றாள். வாய் அசைந்தது. டீச்சர் திரும்பவில்லை. கையை ஆட்டினாள். திரும்பவில்லை. அப்புறம் காலால் தரையை இரண்டு தடவை மிதித்தாள், நம் வீட்டில் உங்களைக் கூப்பிடுவது போல. நம் வீடு பலகைத் தளம். மிதித்தால் அதிர்வு உங்கள் பாதத்துக்கு வந்துவிடும், மேலே குதிரை கட்டியிருக்கிறீர்களா என்று தையல் அக்காவின் குரலும் வந்துவிடும். அது சிமெண்ட் தரை. ஒன்றும் நடக்கவில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, விளக்கு சுவிட்சைத் தேடுகிறாள். கண்ணாடியைத் தட்டினேன், அவள் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சுவரோரம் போட்டு, ஏறி, விளக்கை அணைத்துப் போட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மழைக்கால மத்தியானம் வேறு, அறை இருண்டு இருண்டு வெளிச்சமானது. முப்பது பிள்ளைகளும் அலறின அலறல் மட்டும் கண்ணாடியைத் தாண்டி வந்தது. ஒரு பெண் குழந்தை மேசைக்கு அடியில் போய்விட்டாள். டீச்சர் ஓடிவந்து நம்மவளை நாற்காலியிலிருந்து இறக்கி ஏதோ அதட்டினார். நம்மவள் அழவில்லை. டீச்சரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், உங்களிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் காத்திருப்பாளே, அப்படி. பிறகு கையால் பேசினாள். தண்ணீர் பாட்டில் திறக்கவில்லை, உதவி வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைக்குப் பேச்சு வருமா என்று டீச்சர் கேட்டார். வீட்டில் வாய் ஓயாது என்றேன். உன் பேர் என்ன என்று கேட்டார். வாண்டு தன் கன்னத்தில் விரலை வைத்துத் திருகிக் காட்டினாள், நீங்கள் அவளுக்குக் கையால் வைத்த பேர். வாயால் சொல்லம்மா என்று நான் கெஞ்சினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடியும் கன்னத்தைத் திருகினாள், இந்தத் தடவை இன்னும் நிதானமாக. ஏன் இப்படிச் செய்கிறாள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. வெட்கம்தான் முந்திக்கொண்டது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கணவருக்குக் காது கேட்காது, வீட்டில் கைப்பேச்சும் உண்டு என்று சொன்னதும் புரிந்துவிட்டது போலத் தலையாட்டினார். இரண்டு மொழி என்றால் குழந்தை சுலபமான பக்கமே சாயும், கை ஓடினால் நாக்கு படுத்துவிடும், ஆறு மாதம் வீட்டில் கைப்பேச்சை அடியோடு நிறுத்துங்கள் என்றார். ஒரு படிவம் கொடுத்தார். மூன்று வரி. மூன்றாவது வரி: வீட்டில் வாய்ப்பேச்சு மட்டுமே பயன்படுத்துவோம். அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், தேறாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார்.

உங்கள் பாட்டில் ஆலையில், அந்த இரைச்சலில், காது கேட்கிற நாற்பது பேர் உங்கள் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டுதானே வேலை செய்கிறார்கள்? அவர்கள் நாக்கெல்லாம் படுத்துவிட்டதா? இதை அன்றைக்கு அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்பைத் துடைக்கும்போது தோன்றியது. என் புத்தி எப்போதும் அடுப்படிக்கு வந்துதான் வேலை செய்கிறது.

அங்கே நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி என்று தலையாட்டினேன். படித்தவர் சொல்கிறார், ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவர் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து வாண்டிடம் கையால் பேசுவதை நிறுத்திவிட்டேன். உங்களிடம் சொல்லாமல்.

பத்தொன்பது நாள். அவள் கையால் ஏதாவது கேட்டால் நான் பார்க்காத மாதிரி இருந்தேன். வாயால் சொன்னால்தான் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் இது ஏதோ விளையாட்டு என்று சிரித்தாள். மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டாள். அப்புறம் பழகிக்கொண்டாள். ஆறாம் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் இரண்டு கைகளையும் காணவில்லை. எங்கே என்று குனிந்து பார்த்தால், தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவளே கண்டுபிடித்த வழி அது.

கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் ஒரே ஒரு தடவை உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உதட்டைப் பார்த்துப் படி என்று உட்காரவைத்தார்கள் என்றீர்கள். மணி அடித்த பிறகு கை மரத்துப்போய், பென்சில் பிடிக்க வராது என்றீர்கள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. உங்களுக்கு நடந்ததை உங்கள் மகளுக்கு, உங்கள் வீட்டில், உங்கள் சாப்பாட்டு மேசையில் நான் நடத்திவைத்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. இன்னும் இரண்டு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இடையில் சிக்னல் கிடைத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வீடியோவில் வந்தபோது அவள் உங்களிடம் கை தூக்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். முதல் வாரம் ஜலதோஷம் என்றேன். அடுத்த வாரம் தூக்கம் வருகிறது என்றேன். இரண்டும் பொய். அவள் பக்கத்திலேயே நின்று, என் கை அந்தப் பொய்யைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் ஏன் கூடாது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்றைக்கு மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வகுப்புக்கு உள்ளேயே, கடைசி வரிசையில், குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தலைமையாசிரியை வாசலில் நின்றார். டீச்சர் வாண்டின் முன்னால் குனிந்து பேர் கேட்டார்.

வாண்டு என்னைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு வாயை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, தொண்டை நரம்பு புடைக்கத் தன் பேரைக் கத்தினாள். தையல் அக்காவேதான். அந்தக் கழுத்து நீட்டல் கூட. டீச்சர் இரண்டடி பின்னால் போனார். கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்தே விட்டது.

"ஏம்மா இப்படிக் கத்துற?"

"உங்களுக்குத்தான் காது கேக்காதே. கையால பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதான்."

டீச்சர் விழுந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குக் காது கேட்கும் என்றார். வாண்டு நம்பவில்லை. உங்கள் மகள் யார் சொன்னாலும் நம்புகிறவளா? டீச்சரைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய், ரொம்ப மெல்ல, தன் சட்டையின் பொத்தானை நகத்தால் இரண்டு தடவை சுண்டினாள். டீச்சர் திரும்பிவிட்டார். வாண்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது போல ஒரு பார்வை.

"அப்போ அன்னிக்கு ஏன் திரும்பல? நான் டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டேன்."

டீச்சர் அவள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார். நிறையப் பேர் சத்தம் போட்டார்கள், நான் கவனிக்கவில்லை, தப்புதான் என்றார். வாண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் குற்றம் சொல்கிற மாதிரியே இல்லாமல், ஒரு தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"எங்கப்பாக்குக் காது கேக்காது. ஆனா கூப்பிட்டா திரும்புவாங்க."



உங்களுக்குப் புரிகிறதா? அன்றைக்கு அவள் பயந்து வாயடைத்துப் போகவில்லை. முதலில் வாயால்தான் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பவில்லை என்றதும், ஓ, இவரும் அப்பா மாதிரி என்று எடுத்துக்கொண்டாள். நான்கு வயதுப் பிள்ளை. அம்மா கண்ணாடிக்கு வெளியே. முன்பின் தெரியாத முப்பது பேர். அந்த நிலைமையிலும் எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி என்று பார்த்து, தன் மொழியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கை ஆட்டியது, தரையை மிதித்தது, விளக்கைப் போட்டு அணைத்தது, கண்ணுக்காகக் காத்து நின்றது, எல்லாம் மரியாதை. நாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை. நான் அவள் பேரைச் சொல்லச் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தாளே, அது ஏன் என்று இப்போது புரிகிறது. காது கேட்காதவரிடம் வாயால் பேசச் சொல்கிறாளே, அம்மாவுக்கு இவ்வளவுகூடத் தெரியாதா என்று பார்த்திருக்கிறாள்.

டீச்சர் நல்ல பெண். விளக்கை எத்தனை தடவை போட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டார். வாண்டு கைகளைப் பின்னாலிருந்து எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி. ஒரு தடவை என்றால் இங்கே பார். இரண்டு தடவை என்றால் அவசரம். மூன்று தடவை என்றால் சாப்பாடு தயார். அன்றைக்கு மேசைக்கு அடியில் போன பெண் குழந்தை மெல்ல எழுந்து வந்து, எனக்கும் சொல்லித் தா என்றாள். ஐந்து நிமிடத்தில் முப்பது பிள்ளைகளும் தண்ணீர் கேட்கிறார்கள், கையால். அறையில் ஒரு சத்தம் இல்லை. முப்பது ஜோடிக் கைகள் ஒரே சமயத்தில் எழுந்தன. எத்தனை நாள் வாழ்ந்தாலும் அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, பேச்சு எப்படி வந்துவிட்டது பார்த்தீர்களா, கையை நிறுத்தியது வீண்போகவில்லை, ஆறு மாதம் விட்டுவிடாதீர்கள் என்றார்.

பேச்சு அவளுக்கு ஒரு வயதிலேயே வந்துவிட்டது, அவள் பேசாததற்குக் காரணம் வேறு என்று நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, படிவத்தில் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் சேர்ப்பது சிரமம் என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வீட்டுக்கு வந்ததும் வாண்டை மடியில் உட்காரவைத்து, இனிமேல் நீ எப்படி வேண்டுமானாலும் பேசலாம், அம்மா தப்பு செய்துவிட்டேன் என்று கையாலேயே சொன்னேன். உடனே சந்தோஷப்படவில்லை அவள். எனக்கு ஜலதோஷமே இல்லையே என்றாள். ஆமாம் என்றேன். அப்பாவிடம் சொல்லிவிடு என்றாள். சொல்லிவிட்டேன்.

அப்புறம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள். இன்றைக்கு நடந்ததை முக்கால் மணி நேரம் கையால் சொன்னாள். தட்டில் முட்டை ஆறி, தோல் கட்டிப்போய்விட்டது. நான் சாப்பிடு என்று சொல்லவில்லை. காற்றில் டீச்சரை ஒரு இடத்தில் நிறுத்தினாள், பெரிய டீச்சரை வாசலில் நிறுத்தினாள், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தாள், என்னைக் கடைசியில் முழங்காலைக் கட்டி மடக்கிவைத்தாள். அப்புறம் எங்கே யாரை வைத்தாளோ அங்கே பார்த்தால் அவர்கள் பேசினார்கள். ஒருவர் இடம்கூட மாறவில்லை. கேள்வி என்றால் புருவம் ஏறுகிறது, சந்தேகம் என்றால் ஒரு தோள் மட்டும் அசைகிறது. யாரும் சொல்லித்தரவில்லை. அது உங்கள் புருவம், உங்கள் தோள். ஆறு வருடமாக நானும் உங்கள் மொழியைப் பேசுகிறேன், ஒரு சொல்லாக அடுக்கி அடுக்கி. நான் அந்த மொழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் அதிலேயே பிறந்தவள். என் வயிற்றிலிருந்து வந்தவள்தான், ஆனால் நான் போகவே முடியாத ஒரு இடத்தில் அவள் ஓடி விளையாடிக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டுத் தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து கும்பிடலாமா என்று இருந்தது.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று எனக்குப் பயம் இல்லை. கோபித்துக்கொள்ளுங்கள், அது எனக்கு வேண்டியதுதான். நீங்கள் மறுபேச்சில்லாமல் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்பதுதான் பயம்.

உங்களை எனக்குத் தெரியும். அவள் பிறந்த அன்று அவள் தலைக்குப் பின்னால் நர்ஸைச் சாவிக்கொத்தை ஆட்டச் சொன்னீர்கள். அவள் திரும்பியதும் நீங்கள் அழுதீர்கள். இவள் உன் பக்கத்து ஆள், காது கேட்கிற பக்கம் என்று என்னிடம் சொன்னீர்கள். அவளோடு தெருவில் நடக்கும்போது யாராவது பார்த்தால் கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறீர்கள். கிளம்பும் முன்னால், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தால் என் கைப்பேச்சை அவள்மேல் ஏற்றிவிடாதே என்று சொன்னீர்கள். நான் அந்தப் பத்தொன்பது நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கும் இதுதான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் என் பக்கத்து ஆள் மட்டும் இல்லை. இன்றைக்கு முப்பது பேர் முன்னால் அவளே அதைச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கவனிக்கிற மனிதர் என்றால் நீங்கள்தான். மற்றவர்களை அவள் உங்களை வைத்துத்தான் அளந்துபார்க்கிறாள்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். அதன் கீழே, இந்தக் குழந்தைக்கு இரண்டு மொழி, இரண்டும் எங்கள் வீட்டில் பேசப்படும் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இடம் போகும், ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். வகுப்பு டீச்சர் தன்னால் ஆனதைப் பேசிப்பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதை நம்பி மட்டும் நான் இதைச் செய்யவில்லை. இந்தப் பேனா அடித்ததை நீங்களும் சரி என்று நினைத்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். எனக்காகப் போட வேண்டாம்.

பள்ளியில் ஒத்துக்கொண்டால், முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விட ஒரு நாளாவது லீவு கேட்டுப் பாருங்கள். தெருவோடு நடந்து போவோம், மூன்று பேரும், சத்தமாக, கையால்.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன் போலிருக்கிறது. பார்த்தால் அதை மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் இந்த வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும். நீங்கள் மறுநாளே தபாலில் போட்டால்தான் நாள் கடப்பதற்குள் இங்கே வந்துசேரும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி